கோழி இறகில் என்ன எதிர்காலம்? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

ஐயா,

பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கோழி இறகிலிருந்து காயத்துக்குப் போடும் படலம் தயாரிக்கும் ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறாள். "லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கவைத்தது கறிக்கடைக் கழிவை அள்ளவா?" என்று உறவினர்கள் கேட்கிறார்களாம். அவர்களை விடுங்கள், ஐ.டி. வேலைக்குப் போனாலும் ஏதாவது சொல்லத்தான் போகிறார்கள்.

இறகில் ஏறத்தாழ 90 சதவீதம் கெரட்டின் என்ற புரதம். கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீரில் கரைவதில்லை, எளிதில் மக்குவதுமில்லை. குப்பைமேட்டில் அது தொல்லையாவது அதனால்தான். அந்தப் பிணைப்புகளை வேதிமுறையில் அவிழ்த்துப் புரதத்தைக் கரைத்தெடுத்தால் படலமாக்கலாம், பஞ்சு போலவும் ஆக்கலாம். கோழிக்காலில் கொலாஜன் என்ற இன்னொரு புரதம் கிடைக்கிறது. முட்டை ஓட்டைச் சுட்டு பாஸ்பேட்டுடன் வினைபுரியச் செய்தால், எலும்பில் இருப்பதைப் போன்ற ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாது கிடைக்கும். சேவல் கொண்டையிலிருந்து எடுத்த ஹயலூரானிக் அமிலம் மூட்டுவலி ஊசியாகச் சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நாமக்கல்லும் பல்லடமும் இருக்கும் மாநிலத்தில் மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் பி.டெக். முடித்த கையோடு இந்த உயிரிப்பொருள் துறையின், அதாவது உடலில் பயன்படுத்தும் மருத்துவப் பொருள்களை உருவாக்கும் துறையின் பெயரில் வேலை கிடைப்பது அரிது. எம்.டெக். வேண்டும், ஆராய்ச்சியாளராக வேண்டுமானால் முனைவர் பட்டமும் வேண்டும். கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத் தேர்வில் தேறி எம்.டெக்.கில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, முனைவர் பட்ட ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் தொடக்கத்திலேயே மாதம் 37,000 ரூபாய். ஆகவே மேற்படிப்புக்காக நீங்கள் மறுபடியும் கடன் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

அடையாறில் 1948-லிருந்து இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பெயரை மட்டும் பார்த்து ஒதுக்காதீர்கள். தோலின் முதன்மைப் புரதமே கொலாஜன்தான். அதனால் உயிரிப்பொருள் ஆய்வு அங்கே இயல்பாகவே வேரூன்றியிருக்கிறது. கோடை விடுமுறைப் பயிற்சிக்கு அங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இறகை அலசிக் கொழுப்பு நீக்கும் நாற்றத்தை ஒரு மாதம் தாங்கி, அதன் பிறகும் "இதுதான் வேண்டும்" என்றாளானால் தடுக்காதீர்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பயோடெக்னாலஜி மாணவர்கள் பலர் வேதியியலைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். இந்த வேலையில் பாதி வேதியியல்தான். அவளுடைய மதிப்பெண் பட்டியலில் முதலில் அந்தப் பாடத்தைப் பாருங்கள்.

இறகு ஆய்வு கைகூடாவிட்டால்? செல் வளர்ப்பு, கிருமிநீக்கம், பொருள்களின் பண்புகளைச் சோதிப்பது ஆகியவை மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கும் தேவை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் வந்த பிறகு, தரச்சோதனையும் ஆவணமும் தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் உண்டு. உடலுக்கு ஒவ்வுமா என்று சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 10993 தரநிலையை அவள் இப்போதே படிக்கத் தொடங்கலாம். கல்லூரிப் பாடத்திட்டத்தில் அது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.