இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் தொடை ஊசி: ஆயாவுக்குப் போடலாமா?

முற்றத்து ஆத்தங்குடித் தரையில் வழுக்கி விழுந்த 78 வயது ஆயாவுக்கு நாளை காரைக்குடியில் அறுவை. முதுகில் ஊசி போட்டும் தொடையில் இன்னொன்று எதற்கு, கால் விளங்காமல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மயக்கவியல் மருத்துவராகச் சொல்கிறேன், தயங்காமல் சம்மதியுங்கள்.

முதுகு ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். வலி அதற்குப் பிறகுதான் ஏறும். தொடை மடிப்புக்குக் கீழே, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நரம்புகள் ஓடும் சவ்வுக்கு அடியில் மருந்தை விடுவார்கள். பெரும்பாலும் அரை நாளாவது வலி அடங்கியிருக்கும். மார்பின் போன்ற மருந்துகள் குறைவாகத் தேவைப்படும். வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம். வலியும் அந்த மருந்துகளும் சேர்ந்தால் ராத்திரியில் ஆள் தெரியாமல் பிதற்றுவார்கள், வீட்டார் பதறிப்போவார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இந்த ஊசியால் அந்தக் குழப்பம் குறைவதாகவே சொல்கிறது.

நரம்புக்கு நிலைத்த பாதிப்பு மிக அரிது. ஆனால் தொடைத் தசை சில மணி நேரம் தளர்ந்திருக்கும். ஆயா தனியாக எழுந்திருக்கக் கூடாது. குதிகால் ஒரே இடத்தில் அழுந்தாமலும் பாருங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா? இன்றே சொல்லிவிடுங்கள். அப்புறம், மரப்பு விடும் முன்பே பாரசிட்டமால் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், வலி வந்தபின் துரத்துவது கஷ்டம்.