நான்கு கேமரா, ஒரே கேபிள்

கேள்வி: நான்கு எச்டிஎம்ஐ கேமராக்களின் படமும் ஒரே திரையில் தெரிய வேண்டும், அதைக் கணினியில் பதிவும் செய்ய வேண்டும். ஸ்ப்ளிட்டர் வாங்கி மாட்டினேன், பலனில்லை. எங்கே தவறு?

பதில்: பெட்டி மாறிவிட்டது. ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தைப் பல டிவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஸ்விட்ச் நான்கில் ஒன்றை மட்டும் அனுப்புவது. உங்களுக்கு வேண்டியது நான்கு படங்களையும் ஒரே திரையில் கட்டங்களாகக் காட்டும் மல்டிவியூவர். 4x1 என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள், ஸ்விட்சின் மேலும் அதேதான் இருக்கும். ‘குவாட்’ முறை, அதாவது திரையை நான்கு கட்டமாகப் பிரிக்கும் வசதி, உண்டா என்று பாருங்கள்.

ஒவ்வொரு கேமராவும் தன் கடிகாரத்தில் ஓடுகிறது. மல்டிவியூவர் நான்கின் ஃபிரேம்களையும் சுருக்கி, நினைவகத்தில் கட்டம் கட்டமாக எழுதி, ஒரே சீராகப் படித்து வெளியே தருகிறது. அதனால் படம் ஓரிரு ஃபிரேம் தாமதமாகும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிவிநாடி. மைக்கை நேரே கணினியில் செருகியிருந்தால் உதடு அசையும் முன்பே குரல் கேட்கும். ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்து, எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு தாமதத்தைப் பதிவு மென்பொருளில் ஒலிக்குக் கொடுங்கள்.

வெளியீடு 1920x1080 என்றால் ஒவ்வொரு கேமராவுக்கும் கிடைப்பது 960x540தான். கரும்பலகை எழுத்தைப் படிக்க அது போதாது. 4கே வெளியீடு உள்ள பெட்டியில் நான்கும் முழு 1080 ஆகவே நிற்கும். ஆனால் எச்டிஎம்ஐ படத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் கேப்சர் கருவியைக் கவனியுங்கள்: 4கே என்று அச்சிட்ட பல கருவிகள் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும், பதிவதோ 1080தான்.

நான்கு கேமராக்களையும் ஒரே அளவு, ஒரே ஃபிரேம் வேகத்தில் வையுங்கள். 25-ஐயும் 30-ஐயும் கலந்தால் அசைவு விட்டுவிட்டுத் துள்ளும். பேட்டரி, ஃபோகஸ் குறிகளை எச்டிஎம்ஐ வெளியீட்டில் வராதபடி மெனுவில் அணையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தால், படம் தரும் வேறொரு கேமராவின் கேபிளைக் கழற்றி, கறுப்புக் கட்டத்தின் கேமராவுக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் பழுது கேபிளில். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கேபிள் நீளம் அதிகம் என்று சந்தேகப்படலாம். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. எச்டிஎம்ஐயை நீண்ட தூரம் போகும் எஸ்டிஐ வீடியோவாக மாற்றும் கருவியும் 75 ஓம் கோஆக்சியல் கேபிளும் போடுங்கள்.

கேள்வி: பழைய அனலாக் கேமராக்களை, இரண்டு கேபிளை ஒன்றாக்கும் டி-கனெக்டரில் சேர்த்துவிட முடியாதா?

பதில்: கூடாது. படம் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்புகள் இரண்டு கேமராக்களிலிருந்தும் வந்து மோதிக்கொள்ள, டிவி எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் படம் கிழிந்து உருளும். அனலாக் குவாட் பெட்டி வேண்டும். பழைய பெட்டிகளுக்கு சிவிபிஎஸ் என்ற பழைய சாதாரண அனலாக் வீடியோ மட்டுமே தெரியும். ஏஎச்டி (உயர்தெளிவு அனலாக்) கேமராவானால் கேபிளில் தொங்கும் சிறு குச்சியைச் சில விநாடி ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்து சிவிபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். படத்தில் அகலப் பட்டை மெல்ல மேலே ஏறினால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கு இடையே கேபிள் வழியாக ஓடும் தேவையற்ற மின்னோட்டம். எல்லாக் கேமராக்களுக்கும் ஒரே பவர் சப்ளை கொடுத்துப் பாருங்கள், அதன் பிறகும் இருந்தால் அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் ஐசொலேட்டரை வீடியோ கேபிளில் மாட்டுங்கள்.

கேள்வி: சேர்த்துப் பதிவானதைப் பிறகு தனித்தனியாகப் பிரிக்கலாமா?

பதில்: வெட்டி எடுக்கலாம், சுருங்கிப்போன விவரம் திரும்பாது. தனிப் படம் தேவைப்படும் என்று தோன்றினால், அதே நேரத்தில் ஒவ்வொரு கேமராவின் மெமரி கார்டிலும் பதிவை ஓடவிடுங்கள்.