அரை இடம் தள்ளி

கேள்வி: 1990-ஐ ஒட்டி வந்த யூரோடான்ஸ் (ஐரோப்பாவின் கிளப் நடனப் பாட்டு) பாட்டுகளை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? கிளப்பில் போட்ட ‘டம் டம்’தானே? கணினி இருந்தால் எவனும் அரை மணியில் செய்துவிடலாம். நானே செய்து பார்த்தேன். அந்த ஒலி மட்டும் வரவில்லை. (வாசகர், கோவை)

பதில்: அந்த ஒலி வரவில்லை என்றால் அரை மணியில் வேறு என்னதான் வந்தது?

அநேகமாக உங்கள் பேஸ் (அடியில் ஓடும் கனத்த ஒலி), கிக்கின் (‘டம்’ என்று விழும் டிரம் அடி) தலையிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு பாரை, அதாவது நாலு பீட் கொண்ட ஒரு சுற்றை, 16 கட்டமாகப் பிரியுங்கள். கிக் 1, 5, 9, 13-இல். கிளாப் (கைதட்டல் ஒலி) 5, 13-இல். பேஸும் திறந்த ஹை-ஹாட்டும் (டிரம் செட்டின் ஜோடித் தட்டு) 3, 7, 11, 15-இல். நம் கச்சேரியில் அரை இடம் தள்ளி எடுப்பார்களே, அதே சங்கதி. ஆடுகிறவன் கிக்கில் காலை ஊன்றுகிறான், பேஸில் தூக்குகிறான். பிராங்க்பர்ட்டின் ஸ்னாப் குழு 1992-இல் விட்ட ‘ரிதம் இஸ் எ டான்சர்’ வேகம் நிமிடத்துக்கு 124 பீட். அதாவது ஒரு பீட் 484 மில்லிசெகண்ட். கிக் விழுந்து 242 மில்லிசெகண்டில் பேஸ் வந்து நிற்கும். இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் கிக்குகளுக்கு வால் நீளம். 400 மில்லிசெகண்ட் இழுத்தால் பேஸை மூடிவிடும், கீழ் ஒலி கூழாகும். 200-க்குள் நறுக்குங்கள்.

அடுத்து பியானோ. அன்று பலர் கையில் இருந்தது 1988-இல் வந்த கோர்க் எம்1 கீபோர்டு. அதில் எல்லா வாத்திய ஒலிக்கும் சேர்த்தே 4 மெகாபைட் நினைவகம்தான். அதனால் பியானோ மெலிந்து, கூர்மையாக வரும். எத்தனை சத்தத்திலும் தனியே கேட்கும். கிராண்ட் பியானோவைப் பெடலோடு போட்டால் சாம்பார்தான். 1, 4, 7, 11, 14-இல் கார்டைக் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) குத்தி உடனே விரலை எடுத்துவிடுங்கள். பல அலைகளை அடுக்கித் தடிப்பாக்கிய சூப்பர்சா ஒலியைத் தொடவே வேண்டாம். அது 1996-இல் ரோலண்ட் ஜேபி-8000 சிந்தசைசருடன் வந்த சரக்கு. ராஜராஜன் கையில் கைக்கடிகாரம் கட்டிவிட்ட கதையாகிவிடும்.

இனி குரல். ஆண்குரல் ராப் 16 பார், 31 நொடி, கிட்டத்தட்ட ஒரே ஸ்வரத்தில். பிறகு 4 பாருக்குக் கிக்கை நிறுத்திக் காக்க வைப்பார்கள். கிக் திரும்பும் அதே இடத்தில் பல்லவி, பெண்குரல், மேல் ஸ்தாயி. அடியில் ஏ மைனர், எஃப், சி, ஜி மாதிரி கார்டுகள். அழுகிற பாட்டுக்கு ஆடவைக்கிற வித்தை இது; ‘டம் டம்’ மட்டும் இருந்தால் ஒரு வாரத்தில் அலுத்திருக்கும்.

அந்தப் பெண்குரலுக்கு, தேவாலயத்தில் பாடித் தேறிய தொண்டை வேண்டும். இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு 1989-இல் ‘ரைடு ஆன் டைம்’ பாட்டுக்கு, லோலீட்டா ஹாலோவே 1980-இல் பாடிய டிஸ்கோ பாட்டிலிருந்தே குரலை வெட்டி ஒட்டியது. கேமரா முன் வாயசைத்தவர் வேறொரு மாடல். பாடியவருக்குச் செய்த அநியாயம்தான். ஆனால் அந்தத் தொண்டைக்கு மாற்று கிடையாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூச்சோடு கொஞ்சுகிற குரலை வைத்தால் பல்லவி எழும்பாது.

முதலில் பேஸை இரண்டு கட்டம் தள்ளிப் போட்டுக் கேளுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.