புவாஸோன் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

நான் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். பத்தாவது வரை தமிழ்தான் படித்தேன். பிளஸ் ஒன் சேரும்போது எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பிரெஞ்சு எடுத்தார்கள், நானும் எடுத்தேன். தமிழில் எண்பத்தைந்தைத் தாண்டுவது கஷ்டம், பிரெஞ்சில் சென்டமே வாங்கலாம் என்றார்கள். படிக்கிற நேரமும் மிச்சம். என் தாத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விஷயம் தெரிந்ததிலிருந்து என்னிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அரையாண்டில் 94 வாங்கினேன். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் பேச வரவில்லை. போனில் ஓர் ஆப்பில் 140 நாளாக விடாமல் படிக்கிறேன், அது போதுமா? பிரான்சில் மேல்படிப்புக்கு இந்தப் பிரெஞ்சு உதவுமா? நான் தமிழுக்குத் துரோகம் செய்துவிட்டேனா?

ர.

அன்புள்ள ர.,

உனக்குப் பதினாறு வயது இருக்கும். நீ என்றே எழுதுகிறேன்.

ஆப் இருக்கட்டும், மறந்த சொல்லை ஞாபகப்படுத்திக்கொள்ள ஆகும். பிரான்சில் ஆங்கிலத்திலேயே நடக்கும் படிப்புகள் உண்டு. பிரெஞ்சில் நடக்கிற படிப்பு என்றால் பொதுவாக பி2 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவது) கேட்பார்கள். பள்ளிக்கூடத்து இரண்டு வருடம் உன்னை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்காது. துரோகம் என்பது பெரிய சொல். பத்து வருடம் தமிழ் படித்த பெண் இரண்டு வருடம் இன்னொரு மொழி படித்தால் தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். ‘படிக்கிற நேரமும் மிச்சம்’ என்று எழுதியிருக்கிறாயே, அங்கே. ஒரு மொழியைப் படிக்காமல் தப்பிப்பதற்காக அந்த மொழியையே எடுத்திருக்கிறாய், கண்ணு. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உன் பிரெஞ்சு 94 அந்தக் கணக்கில் எங்கேயும் வராது. வராத ஒன்றுக்காக கைடை உருப்போட்டு, தாத்தாவின் பேச்சையும் இழந்து நிற்கிறாய். பிரெஞ்சு என்ன செய்தது உனக்கு? கோடிக்கணக்கான பேர் அதில் சண்டை போடுகிறார்கள், குழந்தையைத் தூங்கவைக்கிறார்கள். உனக்கு அது மார்க் ஷீட்டில் ஒரு வரி. இதை உன்னிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை என்று தெரியும். பள்ளிக்கூடமும் வீடும் சேர்ந்துதான் உன்னை இதில் இறக்கிவிட்டன. ஆனாலும் கடிதம் எழுதியது நீ, திட்டு உனக்குத்தான்.

நான் 1987-இல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது மொத்தம் 1200 மதிப்பெண், மொழிப்பாடத்துக்கு 200. பிரெஞ்சில் 191 வாங்கினேன். அந்தக் கோடை விடுமுறையில் புதுச்சேரியில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். ‘சொல்தா’ தாத்தா. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இந்தோசீனாவில் சண்டை போட்டவர். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்போது அதைத் தேர்ந்தெடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

பெரியம்மா பெருமையாக என்னை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “இவன் பிரெஞ்சுல 191” என்றாள். அவர் என்னைப் பார்த்து, “தூ தாப்பெல் கொமான்?” என்றார்.

விழித்தபடி நின்றேன். உன் பெயர் என்ன என்றுதான் கேட்டிருக்கிறார். என் பாடப்புத்தகத்தில் அது ‘கொமான் தாப்பெல் தூ?’ என்று தலைகீழாக இருந்தது. அச்சில் அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். காதால் ஒரு தடவையும் கேட்டதில்லை. வாய்க்குள் நாக்கு கல்லாகிவிட்டது. பெரியம்மாவின் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

தாத்தா சிரிக்கவில்லை. “நாளைக்குச் சாயந்திரம் வா தம்பி” என்றார். மறுநாள் போனதும், பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்த மீனைக் காட்டி இது என்ன என்று கேட்டார். புவாஸோன் என்றேன். “இப்ப நீ சொன்னது மீனா, குடிக்கிற பானமா, விஷமா?” என்றார்.

நீயே சொல்லிப் பார். பிரெஞ்சில் மீனும் பானமும் விஷமும் மூன்று தனிச்சொற்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் புவாஸோன்தான். மீனையும் பானத்தையும் பிரிப்பது முதல் ஒலி. மீனையும் விஷத்தையும் பிரிப்பது நடுவிலுள்ள ஒலி. என் வகுப்பில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. தேர்வுத்தாளில் மூன்றுக்கும் ஸ்பெல்லிங் வேறு, அது போதுமாக இருந்தது.

தாத்தா என்ன செய்தார் தெரியுமா? தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு பாம்பு என்று சொல்லச் சொன்னார். மெதுவாகச் சொல். முதல் ‘பா’ பிறக்கும்போது தொண்டை சும்மா இருக்கும். கடைசி ‘பு’வுக்கு அதிரும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. முதலாவது மீனுக்கு, இரண்டாவது பானத்துக்கு. நடுவிலுள்ளதற்கு, “மீனுக்குப் பாம்பு சீறணும், விஷத்துக்கு வண்டு ரீங்காரம் போடணும்” என்றார். அன்றைக்கு ஒரு மணி நேரம் திண்ணையில் சீறினேன், ரீங்காரம் போட்டேன். அதற்குப் பிறகு அந்த மூன்று சொல்லும் எனக்குக் குழம்பியதே இல்லை.

அடுத்த நாள் மூக்கில் ஏறும் உயிரொலிகள். ஆங்கிலத்தில் அவை கிடையாது. அதனால் ஆங்கிலம் வழியே பிரெஞ்சு படிக்கிறவர்கள் எல்லாரையும் போல நானும் கடைசியில் ஒரு கெட்டியான ‘ன்’ போட்டு முடித்தேன். தாத்தா, “அவன். மரம். வெட்டினான். சொல்லு” என்றார். மேடைப்பேச்சு மாதிரி சொன்னேன். “அப்படியில்ல. உங்க அம்மாகிட்ட பேசுற மாதிரி.” சொன்னேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வீட்டில் பேசும்போது ‘மரம்’ என்பதில் நாம் உதட்டை மூடுவதே இல்லை. ‘அவன்’, ‘வெட்டினான்’ இரண்டிலும் நாக்கு மேலே போய் ஒட்டுவதில்லை. ஒலி மூக்கில் ஏறி அப்படியே நின்றுவிடுகிறது. ‘அவன்’ முடிகிற இடம்தான் பிரெஞ்சில் ரொட்டிக்கான சொல்லின் முடிவு. ‘வெட்டினான்’ முடிகிற இடம் குழந்தைக்கான சொல்லின் முடிவு. ‘மரம்’ முடிகிற இடம் பிரெஞ்சுக்காரர்கள் நல்லது என்று சொல்கிற ‘போன்’. இரண்டு வருடம் எனக்கு வராத மூன்று ஒலியும், நான் பேசக் கற்ற நாளிலிருந்து என் வாயில் இருந்திருக்கின்றன.

இதைத்தான் நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், உன் கடிதம் வராவிட்டாலும் எழுதியிருப்பேன். நம் பள்ளிகளில் பிரெஞ்சை ஆங்கிலத்தின் முதுகில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். பிரெஞ்சுப் பத்தியை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுது, ஆங்கிலத்தில் அர்த்தம் சொல், ஆங்கிலத்தில் இலக்கணம் படி. ‘தூ’வுக்கும் ‘வூ’வுக்கும் என்ன வித்தியாசம் என்று என் புத்தகம் ஒன்றரைப் பக்கம் விளக்கியது. ஆங்கிலக் குழந்தைக்கு அது வேண்டும், அதன் மொழியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான். தமிழ்க் குழந்தைக்கு எதற்கு ஒன்றரைப் பக்கம்? நீ, நீங்கள். முடிந்தது. ‘நீங்கள்’ பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். ‘வூ’வும் அப்படியே. ஆளுக்கு ஆள் வினைச்சொல்லின் வால் மாறும் என்பது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்கு மலைப்பு. வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று மூன்று வயதில் பேசியவளுக்கு அதில் என்ன மலைப்பு? (மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்கிற இடத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. அதை ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்துப் பழகத்தான் வேண்டும்.) வீட்டில் பக்கத்துக் கதவு திறந்து கிடக்கும்போது தெருவைச் சுற்றிக்கொண்டு ஏன் வர வேண்டும்? பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுத் துரைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதினார். நடுவில் ஆங்கிலம் வந்து உட்காரவில்லை.

கோபம் போதும். நீ எழுதியதில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. 94 வாங்கிய பிறகும், பேச வரவில்லை என்று உனக்கு உறுத்தியிருக்கிறது. 191 வாங்கிய எனக்கு அந்தத் திண்ணையில் போய் நிற்கும்வரை உறுத்தவில்லை.

உன் தாத்தாவிடம் போ. மன்னிப்பு கேட்கப் போகாதே, பாடம் கேட்கப் போ. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. எந்த ஒலி உதட்டில் பிறக்கிறது, எது பல்லில், எது அண்ணத்தில், மூச்சு எங்கே மூக்கின் வழியாகப் போகிறது என்று சொல்கிற இயல். தமிழாசிரியராக இருந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. உன் பிரெஞ்சுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார். ‘தாத்தா, மீனுக்கும் விஷத்துக்கும் எனக்கு வித்தியாசம் வரவில்லை’ என்று சொல். அவருக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. உன் வாயைப் பார்த்தே, நாக்கு எங்கே போகிறது, தொண்டை அதிர்கிறதா என்று சொல்லிவிடுவார்.

பிறகு அந்த மூன்று சொல்லையும் போனில் பதிவுசெய்து எனக்கு அனுப்பு. மீன் முதலில், பானம் அடுத்து, விஷம் கடைசியில். பக்கத்தில் தாத்தா திருத்துகிற குரல் கேட்டால் அதை வெட்டாதே.