லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது? வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அலுவலகக் கணினிகளின் லைசென்ஸ் பற்றியவை. ஏர்கோன், கார் பட்டறைப் புகார்கள் அடுத்த வாரம் வரும்.

ஐயா, செந்தூலில் டியூஷன் மையம் நடத்துகிறேன். 12 கணினிகளுக்கும் தெரிந்த டெக்னிஷியன் ஒருவர் 600 வெள்ளிக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். இப்போது ஒவ்வொன்றாக, திரையின் வலது மூலையில் ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்’ என்று எழுத்து வருகிறது. அவர் போனை எடுப்பதில்லை.

எழுத்து இன்னும் வராத ஒரு கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று உள்ளே போய்ப் பாருங்கள். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், நடந்தது என்னவென்று புரிந்துவிடும்.

அது கேஎம்எஸ் என்னும் முறை, பெரிய நிறுவனங்களுக்கானது. உள் நெட்வொர்க்கில் ஒரு சர்வர் இருக்கும். மற்ற கணினிகள் அதனிடம் 180 நாளுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு, 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப் பார்க்கும். குறைந்தது 25 கணினிகள் கேட்டால்தான் அந்தச் சர்வர் விண்டோஸுக்கு ஒப்புதல் கொடுக்கவே தொடங்கும். 12 கணினி உள்ள உங்கள் மையத்தில் அது முறைப்படி நடந்திருக்க வழியே இல்லை. அந்தச் சர்வரைப் போல நடிக்கும் ஒரு திருட்டு நிரலை உள்ளே வைத்துவிட்டுப் போயிருப்பார். வைரஸ் தடுப்பு அதைப் பிடித்து நீக்கியிருக்கும். கையிலிருந்த ஒப்புதல் தீர்ந்ததும் எழுத்து வந்துவிட்டது.

உடனே 12 லைசென்ஸ் வாங்க ஓடாதீர்கள். உங்களுடையவை பிராண்ட் கணினிகளா? விண்டோஸோடு வந்தவையா? விண்டோஸ் 8 காலத்திலிருந்து அப்படி வந்த கணினிகளில் கீ, அதாவது ஆக்டிவேட் செய்வதற்கான குறியீடு, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். வந்தபோது இருந்த அதே பதிப்பைச் சுத்தமாகப் போட்டால், இணையத்தோடு சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் ஹோம் பதிப்போடு வந்த கணினியில் அதை அழித்துவிட்டுத் திருட்டு புரோ பதிப்பைப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அப்படியானால் நீங்கள் வாங்க வேண்டியது விண்டோஸோடு வராத கணினிகளுக்கு மட்டும்தான். எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் வைத்திருக்கும் திருட்டுப் பிரதி ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. மூன்று பிரதி இருந்தாலே அது சொந்த உபயோகத்துக்கு அல்ல என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதை மறுத்து நிரூபிப்பது உங்கள் பாடு.

இணையச் சந்தையில் ‘மைக்ரோசாப்ட் ஆபீஸ், வாழ்நாள் லைசென்ஸ், 15 வெள்ளி’ என்று இருக்கிறது. வாங்கலாமா? – கெப்போங்

வாங்காதீர்கள்.

பட்டர்வொர்த்தில் அச்சகம் வைத்திருக்கிறோம். எட்டுப் பேருக்கு மின்னஞ்சலும் ஆபீஸும் சந்தா முறையில் ஒரு சப்ளையர் ஏற்பாடு செய்தார். மூன்று ஆண்டு ஒழுங்காகப் பணம் கட்டினோம். போன மாதம் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அட்மின் கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கிறதாம். வேலையை விட்டுப் போனவரைக்கூட எங்களால் நீக்க முடியவில்லை.

உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. கேட்டதைக் கொடுத்தீர்கள், கேட்டபோது கொடுத்தீர்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் பல தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். சிறு வியாபாரிகளுக்குக் கணினி போட்டுக் கொடுக்கும் சப்ளையர்களில் சிலர், வாடிக்கையாளரின் சந்தாவைத் தங்கள் பெயரில் பதிந்துகொள்கிறார்கள். ‘உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி, நாங்க பார்த்துக்கிறோம்’ என்பார்கள். பணம் உங்களுடையது, உள்ளே இருக்கும் கடிதங்கள் உங்களுடையவை, சாவி மட்டும் அவரிடம். நாளைக்கு விலையை ஏற்றினாலும் நீங்கள் வேறு இடம் போக முடியாது. இதை நான் சேவை என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸைப் பார்த்தேன். ‘சாப்ட்வேர், 1 லாட், 4,800 வெள்ளி’. அவ்வளவுதான் இருக்கிறது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை, சந்தா எண் என்ன, எதுவும் இல்லை. ‘1 லாட்’ என்று வரும் இன்வாய்ஸை வாசகர்கள் யாரும் ஏற்க வேண்டாம். திருப்பி அனுப்பி, விவரத்தோடும், எஸ்எஸ்எம் என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்துள்ள உங்கள் நிறுவனப் பெயரோடும் எழுதி வாங்குங்கள். அட்மின் கணக்கு முதலாளி பெயரில் ஒன்று, நம்பிக்கையான இன்னொருவர் பெயரில் ஒன்று என இரண்டு இருக்க வேண்டும். சப்ளையருக்கு வேலை செய்யும் அளவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

இப்போது உங்கள் விஷயம். மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அது உங்களுடையதாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். டொமைன் யாருடையது என்பதைத்தான் மென்பொருள் நிறுவனங்கள் முக்கிய ஆதாரமாகக் கேட்கும். எஸ்எஸ்எம் பதிவு, மூன்று ஆண்டு ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு, மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவை நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள். அதற்கு முன்னால் எட்டுப் பேரின் கடிதங்களையும் கோப்புகளையும் நகல் எடுத்து வையுங்கள். சந்தா எந்த நாளில் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் கணக்காய்வு அலுவலகம். கணக்கு மென்பொருள் நாலு யூசருக்கு வாங்கினோம். ஏழு பேர் இருக்கிறோம். ஐந்தாவது ஆள் உள்ளே போக முடியவில்லை. விற்றவர் மீது புகார் கொடுக்கலாமா?

எதற்காக? நாலு கேட்டீர்கள், நாலு கொடுத்தார். ஊருக்கே கணக்குப் பார்த்துச் சொல்லும் அலுவலகத்தில் ஏழு பேரை எண்ணாமல் வாங்கியது கவனக்குறைவு. ஒரே நேரத்தில் நாலு பேர் என்ற கணக்கா, பெயர் குறித்த நாலு பேரா என்று ஒப்பந்தத்தில் இருக்கும், படியுங்கள். முதலாவது என்றால் முறை வைத்துப் பயன்படுத்தலாம். இரண்டாவது என்றால் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிக் கொடுப்பது ஒப்பந்த மீறல்.

ஜெலுத்தோங்கில் பொறியியல் வரைபட அலுவலகம். ஐந்து லைசென்ஸை ஒரு சர்வரில் வைத்து ஒன்பது பேர் பகிர்ந்துகொள்கிறோம். சர்வர் மதர்போர்டு எரிந்துபோய் மாற்றினோம். அன்றிலிருந்து லைசென்ஸ் வேலை செய்யவில்லை.

லைசென்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். சர்வர் என்று தொடங்கும் வரியில் அதன் பெயரும், பக்கத்தில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளமும் இருக்கும். பெரும்பாலும் அது பழைய நெட்வொர்க் கார்டின் முகவரி. மதர்போர்டோடு அதுவும் போய்விட்டது. புதிய முகவரியைக் கொடுத்து, லைசென்ஸை மாற்றித் தரும்படி தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதி ஆகியிருந்தால் பணம் கேட்கக்கூடும்.

அப்படியே இன்னொன்று. சாப்பிடப் போகும்போது மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறவர் ஒரு லைசென்ஸைப் பிடித்து வைத்திருக்கிறார். சும்மா கிடந்தால் திரும்பப் பெறும் அமைப்பு பல லைசென்ஸ் சர்வர்களில் உண்டு. அதைப் போடாமலே ஆறாவது லைசென்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

பல்கலைக்கழகம் போகும் மகளுக்கு ‘ஒரிஜினல் ஆபீஸோடு’ என்று சொல்லி 2,300 வெள்ளிக்கு மடிக்கணினி விற்றார்கள். நாலு மாதத்தில் ஆபீஸ் பூட்டிக்கொண்டது. ‘சாப்ட்வேருக்கு வாரண்டி இல்லை’ என்கிறார்கள். நான் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்யும் அம்மா. – ஆயர் ஈத்தாம்

அம்மா, இதை விடாதீர்கள். கோலாலம்பூரில் ஒரு கடையில் நான் வாங்கிய பழைய மடிக்கணினியிலும் இதுதான் நடந்தது. ரசீதில் ‘ஒரிஜினல்’ என்று முத்திரை, உள்ளே ஏதோ நிறுவனத்துக்குக் கொடுத்த கீ. அந்தக் கீயை நிறுத்தியதும் கடைக்காரர் என்னிடமும் வாரண்டிக் கதையைத்தான் சொன்னார். ஒரிஜினல் என்று சொல்லிப் போலியைக் கொடுத்தவர் வாரண்டியைக் காட்டித் தப்பிக்க முடியாது.

ரசீது, கடை விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், திரையில் வரும் எச்சரிக்கையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதியுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். அதுவரை மகளின் படிப்பு நிற்க வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு ஆபீஸை இலவசமாகத் தருகின்றன, கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழும் நன்றாக வரும்.

சந்தா பில்லில் 8 விழுக்காடு கூடுதலாக இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? – செத்தாப்பாக்

இல்லை. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. 6 ஆக இருந்தது, 2024 மார்ச் 1 முதல் 8.

பாயான் பாருவில் கிளினிக். ஆறு கணினி, இரண்டு ஷிப்டில் பதினைந்து பேர். விண்டோஸ் சர்வர் வாங்கினால் பதினைந்து அணுகல் உரிமமும் வாங்க வேண்டும் என்கிறார் விற்பவர்.

சர்வரோடு, அதைப் பயன்படுத்துவதற்கான அணுகல் உரிமமும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதை ஆளுக்கும் வாங்கலாம், கணினிக்கும் வாங்கலாம். உங்களுக்குக் கணினிக் கணக்கில் ஆறு போதும். டாக்டர் வீட்டிலிருந்து தன் மடிக்கணினியில் அதே சர்வருக்குள் வந்தால் ஏழு. கணினிக் கணக்கு ஒன்று இருப்பதையே சொல்லாமல் பதினைந்து எழுதிக் கொடுத்தவரிடம் வாங்காதீர்கள். இன்னும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்.