தேசியப் பட்டமே வெல்லாத கல்லூரி பாயின்ட் கார்டின் சீருடை எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது சரிதானா?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவராக, ஆடிய டான் ஸ்டேலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகம் அவருடைய 24ஆம் எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பல்கலைக்கழகம் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் அதுவும் ஒன்று.

ஸ்டேலி 1988 முதல் 1992 வரை அங்கே ஆடினார். உயரம் 5 அடி 6 அங்குலம்தான். வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் அரசுக் குடியிருப்பில், பையன்களோடு மோதி ஆடி வளர்ந்தவர். அவர் அணியில் இருந்தபோது வர்ஜீனியா 1990, 1991, 1992 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசிய அரையிறுதிக்குப் போனது. பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. 1991 இறுதி ஆட்டத்தில் டென்னசியிடம் கூடுதல் நேரத்தில் 70-67 என்று தோற்றார்கள். அப்படியும் அந்தத் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் ஸ்டேலிதான். தோற்ற அணியிலிருந்து ஒருவரை அப்படித் தேர்ந்தெடுப்பது அபூர்வம். ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் அளித்த தீர்ப்பு அது. உங்கள் கேள்விக்கு அதுவே பாதி பதில்.

மீதிப் பாதி, பாயின்ட் கார்டின் வேலையில் இருக்கிறது. பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பக்கம் வந்து, 30 வினாடிக்குள் யார், எங்கிருந்து கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். சக வீராங்கனை கூடையில் போட்டால்தான் இவர் கணக்கில் ஓர் அசிஸ்ட் ஏறும். அருமையான பாஸ் கொடுத்தும் எறிதல் தவறிப்போனால் குறிப்பேட்டில் ஒன்றுமே இருக்காது. ஆகவே ஸ்டேலியின் 729 அசிஸ்ட்களுக்குப் பின்னால், கணக்கில் ஏறாத நல்ல பாஸ்கள் எத்தனையோ இருந்திருக்கும். இத்தனைக்கும் அவர் பாஸ் கொடுப்பதோடு நின்றவரும் அல்லர்: 2,135 புள்ளிகள், 772 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 454 ஸ்டீல்கள் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது). அந்த உயரத்தில் நெட்டையர்களுக்கு நடுவே புகுந்து 772 முறை பந்தைப் பிடித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. புள்ளிகளைவிட அந்த எண்ணைத்தான் நான் முதலில் சொல்வேன்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1996, 2000, 2004 ஒலிம்பிக்கில் தங்கம். 2004 ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்காவின் கொடியை ஏந்தியவர். பயிற்சியாளராகத் தென் கரோலினாவுக்கு 2017, 2022, 2024 பட்டங்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. பாராட்டுக் கட்டுரைகளில் பயிற்சியாளரின் பட்டங்கள் முன்னால் வந்துவிடுகின்றன. ஆடிய நான்கு ஆண்டுகள் வெறும் முன்னுரையாகச் சுருங்கிவிடுகின்றன. கல்லூரியில் வெல்லாததைப் பிற்பாடு ஈடுகட்டிவிட்டார் என்று எழுதுகிறார்கள். ஈடுகட்ட வேண்டிய குறை எதுவும் அந்த நான்கு ஆண்டுகளில் இல்லை. ஒரு பாயின்ட் கார்டைக் கௌரவிக்க விரும்புகிறவர்கள், அவர் போட்ட கூடைகளைத் தொகுத்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், அவருடைய பாஸை வாங்கிக் கூடையில் போட்டவர்களையும் மேடைக்கு அழைத்துப் பேசவைக்க வேண்டும். அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது என்று அவர்களைப் போல வேறு யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு கௌரவமும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் ஆண்டின் சிறந்த கார்டுக்கு 2013 முதல் ஸ்டேலியின் பெயரிலேயே விருது வழங்குகிறார்கள். அதை முதலில் பெற்றவர் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் ஸ்கைலர் டிகின்ஸ். அவரும் பாயின்ட் கார்டுதான்.