மலையில் ஓடிப் பழகிய கால், சென்னையில் பறக்குமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. ஒன்றரை வருடமாக வாரம் ஐந்து நாள் கோடநாடு சாலையில் 7 கிலோமீட்டர் ஓடுகிறேன். 50 நிமிடம் ஆகிறது. எட்டு மாதமாக அந்த 50 குறையவே இல்லை. ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். "மலைக்காரங்களுக்கு ரத்தம் கெட்டி, கீழே போனா சும்மா பறக்கலாம்" என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். வீட்டுக்காரரோ முட்டி தேய்ந்துவிடும் என்கிறார். இறக்கத்தில் வேகமாக ஓடினால் இரண்டு நாள் தொடை வலிக்கிறது. யார் சொல்வது சரி? ஓடுகிற அன்று காலை டீ குடிக்கலாமா?

பதில்: முதலில் அந்த 'கெட்டி ரத்தம்'. அதில் பாதி உண்மை இருக்கிறது. மலைக் காற்றிலும் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றின் அழுத்தம் குறைவு. கோத்தகிரியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஆக்ஸிஜன் குறைவதைச் சிறுநீரகம் கண்டுகொண்டு எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும்; எலும்பு மஜ்ஜை கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். 1997-ல் லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 39 ஓட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்த குழுதான் நான்கு வாரத்தில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் முன்னேறியது. மேலேயே தங்கி மேலேயே ஓடியவர்களுக்கு ரத்தம் கூடியது, ஓட்ட நேரம் குறையவில்லை. காற்று மெலிந்த இடத்தில் காலை வேகமாக விரட்ட முடியாது என்பதுதான் காரணம்.

2014-ல் சாப்மன் குழுவினர் எவ்வளவு உயரத்தில் தங்கினால் பலன் என்று பார்த்தார்கள். 1,780, 2,085, 2,454, 2,800 மீட்டர் என நான்கு உயரங்கள். நடுவில் இருந்த இரண்டுக்கும் பலன் தெரிந்தது. 1,780-ல் தங்கியவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. கோத்தகிரியின் உயரம் சுமார் 1,790 மீட்டர்! ஊட்டிக்காரர்கள் வேண்டுமானால் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம். அவர்கள் இருப்பது 2,240-ல், 1968 ஒலிம்பிக் நடந்த மெக்ஸிகோ நகரத்தின் அதே உயரம். அங்கே நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மூச்சுக்குத் திணறியதும் வரலாறு. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: சோதனையில் இருந்தவர்கள் சில வாரத்துக்கு மலையேறிய சமவெளிக்காரர்கள். வருடக்கணக்கில் மலையில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கீழே போனால் மூச்சு கொஞ்சம் லேசாக இருக்கும், அவ்வளவுதான். பறக்கிற கதையெல்லாம் வேண்டாம்.

சரி, 50 நிமிடம் ஏன் அசையவில்லை? நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஐந்து நாளும் அதே 7 கிலோமீட்டர், அதே 50 நிமிடம். சமதளமே இல்லாத ஊரில் இது ஒரு பொறி. தேயிலைத் தோட்டத்து வளைவில் ஏற்றம் வரும், வேகத்தைக் குறைக்க மனம் வராது, மூச்சு வாங்கும். இறக்கத்தில் அதை ஈடுகட்ட உருட்டிக்கொண்டு போவீர்கள். மொத்தத்தில் எல்லா நாளும் நடுத்தரக் கஷ்டம். ஓய்வு என்று சொல்ல முடியாது, உடம்பை உலுக்குகிற அளவுக்குக் கடினமும் இல்லை. நானும் குன்னூரில் மூன்று வருடம் இதையே செய்தவன்தான். கைக்கடிகாரத்தில் பதிவான இதயத்துடிப்பை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். திங்கள், புதன், வெள்ளி மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

உலகத் தரத்து ஓட்டக்காரர்கள், படகு வலிப்பவர்கள், பனிச்சறுக்குக்காரர்களின் பயிற்சியை ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் கவனித்து எழுதியிருக்கிறார். பத்துப் பயிற்சியில் ஏறத்தாழ எட்டு மெதுவானது, இரண்டு கடினமானது. நடுவில் மிகக் குறைவு. உங்களுக்கு வாரம் ஐந்து நாள் என்றால் நான்கு மெது, ஒன்று கடினம். மெது என்றால் நிஜமாகவே மெது. ஓடிக்கொண்டே வகுப்பில் பாடம் நடத்துவதுபோல முழு வாக்கியம் பேச வரவேண்டும். "அசோகர் மரம் நட்டார்" என்பதற்குள் மூச்சு அறுந்தால் அது மெது இல்லை. ஏற்றத்தில் வாக்கியம் உடைந்தால் நடந்துவிடுங்கள். எதிரே வருகிற எஸ்டேட் ஜீப்பில் நம் மாணவனின் அப்பா இருந்தாலும் நடங்கள். மலைச் சாலையில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை நம்பாதீர்கள், மூச்சை நம்புங்கள்.

அந்த ஒரு கடின நாளுக்கு உங்கள் ஊரைவிட நல்ல மைதானம் கிடையாது. நார்வேயில் ஹெல்கெருட் குழு 2007-ல் வெளியிட்ட சோதனையில், 4 நிமிடம் கடினமாக, 3 நிமிடம் லேசாக என்று நான்கு சுற்று ஓடியவர்களுக்கு எட்டு வாரத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்ஸிஜன் அளவு 7 சதவீதம் அளவுக்குக் கூடியது. அவர்கள் வாரம் மூன்று நாள் செய்தார்கள், உங்களுக்கு ஒன்று போதும். மிதமான ஏற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 4 நிமிடம் ஏறுங்கள், இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில். திரும்பி நடந்து இறங்குங்கள். நான்காவது சுற்று முதல் சுற்று எட்டிய இடத்தையே எட்ட வேண்டும். முன்னாலேயே நின்றுவிட்டால் முதல் சுற்றில் அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம். மெது நாட்களில் ஞாயிறு ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டராக நீட்டி, டிசம்பர் நடுவில் 16 அல்லது 17-க்குக் கொண்டு வாருங்கள்.

தொடை வலியைப் பற்றிப் பயம் வேண்டாம். இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது; இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து வலிக்கும். ஒருமுறை அப்படி வலித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வலி குறைவாகச் செய்யும். ஆகவே பத்து நாளுக்கு ஒருமுறை, குட்டி எட்டுகளாக வைத்து, இறக்கத்தில் கொஞ்ச தூரம் ஓடுங்கள். குதிகாலை ஓங்கி ஊன்றிப் பிரேக் போடாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள்: 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காக ஓடும் வீரர்களில்தான் 13.3. ஓட்டம்தான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுவார்கள். ஆனாலும் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. முட்டி வீங்கினாலோ, படியிறங்கும்போது பூட்டிக்கொண்டாலோ அது வேறு விஷயம், பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளில் வீட்டுப் படிக்கட்டே போதும். ஒற்றைக் காலில் ஏறி இறங்குவது, கெண்டைக்கால் நோகக் குதிகால் உயர்த்துவது, அப்புறம் கயிறு தாண்டுவதுபோல் சின்னத் துள்ளல்கள். 1999-ல் ஃபின்லாந்தில் பாவோலைனன் செய்த ஆய்வில், ஓட்டத்தில் ஒரு பகுதியைக் குறைத்து ஒன்பது வாரம் துள்ளலும் வேக ஓட்டமும் செய்தவர்கள் 5 கிலோமீட்டரை முன்பைவிட வேகமாக ஓடினார்கள், உச்ச ஆக்ஸிஜன் அளவு கூடாமலேயே. அதே வேகத்துக்குக் கால் குறைந்த சக்தியைச் செலவழித்தது.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மேலும், உயரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த அளவுகோல் சற்று மேலே தள்ளிப் பார்க்கப்பட வேண்டும். 12 என்று சென்னையில் நிம்மதி தரும் எண் கோத்தகிரியில் குறைவாகவே இருக்கலாம். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். சேமிப்பில் இரும்பு இல்லையென்றால் மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் வேலைக்கு ஆகாது. சோதிக்காமல் மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். நம் மலையின் பிழைப்பே தேயிலைதான், இருந்தாலும் சொல்கிறேன்: சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். கீரை, பயறு, ராகியிலிருந்து வரும் இரும்பை அது உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

சென்னையில் உங்களைச் சோதிக்கப்போவது வெக்கைதான். ஜனவரி விடியலிலும் அங்கே 20 டிகிரிக்கு மேல், கூடவே ஈரப்பதம். சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், இதயத்துடிப்பு தணியும். வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் ஓடி முடித்ததும் 40 டிகிரி வெந்நீரில் கழுத்தளவு 40 நிமிடம் வரை ஆறு நாள் உட்கார வைத்தே இந்தப் பலனைக் காட்டினார்கள். நம் வீட்டு வாளி வெந்நீருக்கு அந்தச் சக்தி இல்லை! உங்களுக்கு அதைவிட நல்ல வழி அரையாண்டு விடுமுறை. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் தங்கி, காலை பத்து மணி வெயிலில் 40 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். தலைசுற்றினால், குளிர் எடுத்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போய்விடுங்கள்.

கோடநாடு சாலையில் விடியும் முன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். கரடியும் காட்டெருமையும் நடமாடுகிற நேரம் அது.

டீயா? தாராளமாகக் குடியுங்கள், ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு. காஃபின் நெடுந்தூர ஓட்டத்துக்குக் கைகொடுக்கும் என்பது நன்றாக நிரூபணமான சங்கதி. இரும்புச்சத்துக் கணக்கை அன்று ஒருநாள் மறந்துவிடலாம்.